மழை அளவை காதால கேக்க வைக்க முடியுமா? தங்கச்சிக்காக செஞ்சு பாக்கேன், எங்கயோ தப்புது

குலசேகரத்தான்:

வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிச்சிட்டுதான் இருக்கேன், எழுதுறது இதான் முதல்தடவ. கொஞ்சம் நீளமா போவும், பொறுமையா வாசிச்சுட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

என் தங்கச்சிக்கு பிறந்ததுலேருந்தே கண் பார்வை கிடையாது. இப்ப பி.ஏ. பொருளாதாரம் ரெண்டாம் வருஷம் படிக்கா. பாடம் எல்லாம் போன்ல ஸ்கிரீன் ரீடர் வாசிக்க வாசிக்க கேட்டே படிச்சிருவா, அது வாசிக்க வேகத்துல எனக்கு ஒரு வார்த்தகூட பிடிபடாது, அவளுக்கு அதான் சாதாரண வேகம். ஆனா பாடத்துல படம் வந்தா அதோட நின்னு போவுது. விலைவாசி கோடு, உற்பத்தி கோடுன்னு ஏதாவது வந்தா கூட இருக்க பிள்ளைங்க "மேல ஏறி பொறவு கொஞ்சம் இறங்குது"ன்னு சொல்லுவாங்க, அதுக்கு மேல அவங்களாலயும் சொல்ல முடியாது. போன பரீட்சையில படம் உள்ள கேள்விய எடுத்துட்டு அவளுக்கு வேற கேள்வி குடுத்திருக்காங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசல. ராத்திரி சாப்பிடும்போதுதான் "எனக்கு அந்த கேள்வியேதான் வேணும்"னு சொன்னா. அதுலேருந்து எனக்கு இதே யோசனைதான்.

அப்பா ரப்பர் பால் வெட்டுக்கு போறவரு. மழை பெய்ஞ்சா அன்னைக்கு வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அதனால எங்க வீட்டுல பேப்பர் வந்தா முதல்ல திறக்கது மழை அளவு இருக்க பக்கத்ததான். சாயா கிளாஸ திண்ணையில வச்சுட்டு சத்தமா வாசிப்பாரு, பாலமோர் இவ்வளவு, சுருளோடு இவ்வளவு, கன்னிமார், பூதப்பாண்டி, மைலாடி, கொட்டாரம், குழித்துறை, இரணியல், கொளச்சல்னு வரிசையா. தங்கச்சி பக்கத்துல உக்காந்து கேப்பா. அணைகளோட முழு மட்டம் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ரெண்டும் 18 அடி, இதெல்லாம் சின்ன வயசுலயே அவளுக்கு மனப்பாடம். அப்ப படிப்புல வர்ற கோட்டுக்கு முன்னாடி அவளுக்கு பழகுன இந்த மழைக்கணக்கையே சத்தமா மாத்தி குடுத்து பாப்போம்னு தோணிச்சு.

நான் வெப்சைட் செய்யுத வேலையில இருக்கேன், ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். ஒரு மாச மழை அளவ டைப் பண்ணி எடுத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பீப் சத்தம், மழை கூடுனா சுருதி கூடும். முதல்ல எல்லா ஊரையும் ஒண்ணா விட்டேன், சந்தை இரைச்சல் மாதிரி இருந்துச்சு. பொறவு வெப் ஆடியோல, அதாவது பிரவுசர்ல சத்தம் உண்டாக்குத வசதியில, ஸ்பேஷியலா, ஒவ்வொரு சத்தமும் ஒரு திசையிலேருந்து வர்ற மாதிரி வைக்கலாம்னு தெரிஞ்சுது, எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நடுவுலன்னு தக்கலைய வச்சு, வடக்க பாத்து நிக்க மாதிரி ஒவ்வொரு ஊரையும் அது அது திசையில வச்சேன். கெழக்க பூதப்பாண்டி, தெக்க-மேக்க கொளச்சல், வடக்க பாலமோர்.

என் லேப்டாப்புல ஹெட்போன் போட்டா கொஞ்சம் வித்தியாசம் தெரியுது. அவ போன்ல போட்டா ஒரு திசையும் இல்ல. லேப்டாப்புலயே குடுத்து "பாலமோர் எங்க கேக்கு"ன்னு கேட்டா பின்னாடிங்கா, சில நேரம் தலைக்கு உள்ளங்கா. இது நடக்கக்கூடிய காரியமா, இல்ல நான் வீணா அவள அலைக்கழிக்கேனா? மனசுல பட்டத சொல்லுங்க.


விரல்நுனி:

தம்பி, நானும் பார்வையில்லாதவன்தான், நாகர்கோவில்ல பேங்க் வேலை. மத்தத பொறவு எழுதுறேன், முதல்ல ஒண்ணு பாருங்க. தங்கச்சி போன்ல அணுகல் வசதி செட்டிங்குல மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அது ஆன்ல இருக்கா? எங்கள்ல நிறைய பேர் ஒரு காதுல மட்டும்தான் இயர்போன் மாட்டுவோம், இன்னொரு காது ரோட்டுக்கு, பஸ்ஸுக்கு, பின்னாடி வர்ற ஆளுக்கு வேணும். ஒரு காதுல ரெண்டு பக்க சத்தமும் வரணும்னா மோனோ போட்டாதான் உண்டு. மோனோல இருந்தா நீங்க எந்த திசையில வச்சாலும் எல்லாம் ஒரே இடத்துலேருந்துதான் வரும்.


குலசேகரத்தான்:

அண்ணே, ஆன்லதான் இருந்துச்சு! ஆஃப் பண்ணிட்டேன், இப்ப இடது வலது நல்லா தெரியுதுங்கா. முன்னாடி பின்னாடிதான் இன்னும் குழப்பம்.


மைக்செட்_மார்த்தாண்டம்:

நான் 20 வருஷமா மைக் செட், ரெக்கார்டிங் வேலை பாக்கேன், இத பத்தி பேச கிடைச்சா விடமாட்டேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுதேன்.

காது ஒரு சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கது முக்கியமா மூணு வழியில. வலது பக்கம் சத்தம் வந்தா அது வலது காதுக்கு முதல்ல எட்டும், பொறவுதான் இடது காதுக்கு. 1 நொடிய 1000 பங்கு வச்சா, அந்த இடைவெளி அதிகபட்சமே ஒரு பங்குல முக்கால்கூட வராது, ஆனா அது 1 நொடியில 1 லட்சத்துல 1 பங்கு மாறுனாலும் மூளைக்கு பிடிபடும். ரெண்டாவது, தலை நடுவுல மறைக்கதால தூரத்து காதுல சத்தம் குறைஞ்சு கேக்கும். தாழ்ந்த சுருதிக்கு நேர வித்தியாசம் உதவும், உசந்த சுருதிக்கு அளவு வித்தியாசம் உதவும், இத ராலே பிரபுன்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானி 1907 லேயே எழுதி வச்சுட்டாரு, கிட்டத்தட்ட 1500 ஹெர்ட்ஸ் பக்கம் இது கை மாறும்.

ஆனா இந்த ரெண்டும் முன்ன பின்ன சொல்லாது, கேட்டேளா. நேர் முன்னாடி இருந்து வந்தாலும் நேர் பின்னாடி இருந்து வந்தாலும் ரெண்டு காதுக்கும் ஒரே நேரம்தான், ஒரே அளவுதான். அத பிரிச்சு சொல்லுறது காது மடல். மடல்ல இருக்க மேடு பள்ளத்துல பட்டு வரும்போது உசந்த சுருதி பாகம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், அந்த மாத்தம் முன்னாடி ஒரு மாதிரி பின்னாடி ஒரு மாதிரி. நீங்க வெறும் பீப் போட்டிருக்கீங்க, அதுல ஒரே ஒரு சுருதிதான் இருக்கு, மடலுக்கு வேலையே இல்ல. அந்த சத்தத்துல இடது வலது தெரியும், ஆனா முன்னாடியா பின்னாடியான்னு தங்கச்சிக்கு தெளிவா பிடிபடாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆரம்பத்துல ஒரு "டக்" வையுங்க, மரக்கட்டையில தட்டுன மாதிரி, தகரத்துல மழைத்துளி விழுந்த மாதிரி. அதுல எல்லா சுருதியும் கலந்து இருக்கும். டக் இடத்த சொல்லும், அதுக்கு பின்னாடி வர்ற ஸ்வரம் அளவ சொல்லும்.

இன்னொண்ணு, முன்ன பின்ன இடத்த குறிக்க இசட் எண்ண, உங்க கோட்ல வடக்குன்னா ப்ளஸ்னு போட்டிருப்பீங்கன்னு நினைக்கேன். வெப் ஆடியோல கேக்கவன் பாத்து நிக்கது மைனஸ் இசட் பக்கம். ப்ளஸ் போட்டா பாலமோர் முதுகுக்கு பின்னாடிதான் போவும், தங்கச்சி சரியாத்தான் சொல்லியிருக்கு. சத்தத்த திசையில வைக்க முறை, பேனிங் மாடல்னு இருக்கும், அது ஹெச்ஆர்டிஎஃப்ல (தலையும் காது மடலும் சத்தத்த மாத்துத அளவ சேத்து கணக்கு போடுறது) இருக்கான்னும் பாருங்க, ஈக்வல் பவர்ல (இடது வலது சத்த அளவ மட்டும் மாத்துறது) கிடந்தா மடல் கணக்கே கிடையாது. ஹெச்ஆர்டிஎஃப் போட்டாலும் அது வேற யாரோ தலைய, காத வச்சு அளந்ததுதான், உங்க தங்கச்சிக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. அதனால முன்ன பின்ன குழப்பம் குறையும், முழுசா போவாது.

நீங்க சொன்ன சந்தை இரைச்சலுக்கும் காரணம் இருக்கு. நம்ம ஊர்ல அம்மன் கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்கல்லா. பந்தல்ல உக்காந்து கேட்டா நடுவுல வில்லுமணி, ஒரு பக்கம் குடம், ஒரு பக்கம் உடுக்கு, எத மட்டும் கவனிக்கணுமோ அத மட்டும் கேக்கலாம், உடுக்கு அடிக்கவன் தாளம் தப்புனா உடனே தெரியும். அதையே போன்ல ஒத்த மைக்குல பதிவு பண்ணிட்டு வீட்டுல போட்டு பாருங்க, எல்லாம் ஒண்ணுக்குமேல ஒண்ணு அப்பி கிடக்கும். 1953 ல காலின் செர்ரின்னு ஒருத்தர் ரெண்டு காதுலயும் வேற வேற பேச்ச விட்டு இதத்தான் சோதிச்சு பாத்தாரு, ஒரு காதுல வர்றத மட்டும் மனுஷன் சுலபமா தொடர்ந்துருவான். சத்தம் வேற வேற இடத்துலேருந்து வந்தா மூளை அத வேற வேற ஆளா எடுத்துக்கும். ஸ்பேஷியல் ஆடியோவுல உங்களுக்கு கிடைக்க பெரிய லாபம் அதுதான். எந்த ஊருன்னு இடம் சொல்லட்டும், எவ்வளவுன்னு சொல்லுத வேலைய அதுகிட்ட குடுக்காதீங்க. முகத்துக்கு நேர் முன்னாடி 1 டிகிரி நகர்ந்தாலே தெரியும், பக்கவாட்டுல போனா 10 டிகிரி நகர்ந்தாலும் சந்தேகம்தான், அவ்வளவு ஏத்த இறக்கம் உள்ள ஒண்ண வச்சு அளவு காட்ட முடியாது.

சுருதி பத்தி ஒரு வார்த்தை. தனியா ஒரு ஸ்வரத்த கேட்டு இது இவ்வளவு உசரம்னு சொல்லுறவங்க ரொம்ப அபூர்வம். அணை மட்டத்துக்கு சுருதி வச்சா அடியில ஸ்ருதிப்பெட்டி மாதிரி ஒண்ணு மெதுவா ஓடட்டும், அதுதான் 48 அடி, அதுதான் 77 அடி. அதுக்கு எவ்வளவு கீழ நிக்குன்னு யாருக்கும் தெரியும்.


விரல்நுனி:

மைக்செட் அண்ணாச்சி சொன்னது அத்தனையும் உண்மை. நான் கேக்கவன் பக்கத்துலேருந்து சொல்றேன்.

சத்தத்துல அளவு பாக்குறது ஒண்ணும் புதுசு இல்ல தம்பி. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் பாக்குற மிஷின் பீப் பீப்னு அடிக்கும்ல, ஆக்சிஜன் குறைய குறைய அந்த பீப் சுருதி இறங்கும், டாக்டர் திரைய பாக்காமலே திரும்புவாரு. கதிர்வீச்சு அளக்குற கெய்கர் கருவி கட கடன்னு அடிக்கிறதும் அதுதான். 1913 ல ஆப்டோஃபோன்னு ஒரு கருவி, அச்சு எழுத்த ஸ்வரமா மாத்தி பார்வையில்லாதவங்க வாசிக்கறதுக்காகவே செஞ்சாங்க. போர்ட்டோ ரிக்கோவுல பிறந்த வாண்டா டியஸ் மெர்சட்னு ஒரு வானியல் விஞ்ஞானி, படிக்கிற காலத்துல பார்வை போச்சு, அதுக்கப்புறம் நட்சத்திர டேட்டாவ சத்தமா மாத்தி கேட்டே ஆராய்ச்சி செஞ்சாங்க. அவங்க பேசுனத கேட்டுட்டு நான் ஒரு வாரம் வேற எதையும் யோசிக்கல. தங்கச்சிக்கும் அத கேக்க குடுங்க.

அதனால நடக்குமான்னு கேக்காதீங்க, நடக்கும். எப்படி நடத்துறதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

மழைக்கு சுருதிய விட எண்ணிக்கை நல்லா இருக்கும்னு எனக்கு படுது. 5 மில்லிமீட்டருக்கு ஒரு துளின்னு வையுங்க. 10 மி.மீ. ரெண்டு துளி, 60 மி.மீ. பன்னெண்டு துளி ஒரே கொட்டா கொட்டும். யாரும் சொல்லித்தர வேண்டாம், மழைன்னா அப்படித்தான கேக்கும். சுருதிய அணைக்கு விட்டுருங்க. ஒரு சத்தத்துக்கு ஒரு வேலை.

இத கண்டிப்பா கவனிங்க: மழை இல்லாத ஊரும், கணக்கு வராத ஊரும் ஒண்ணு இல்ல. பேப்பர்ல சில நாள் மழை பெய்ஞ்ச ஊர மட்டும்தான் போடுவாங்க. நீங்க ரெண்டுக்கும் மௌனம் வச்சா கேக்குறவளுக்கு என்ன தெரியும்? பூஜ்யத்துக்கு ஒரு சின்ன டிக், கணக்கு இல்லைன்னா அதுக்கு மட்டும் மௌனம். பார்வையுள்ளவங்க அட்டவணையில கோடு போட்ட இடத்த பாத்தே புரிஞ்சுக்குறாங்க, எங்களுக்கு அத யாரும் சொல்லுறது இல்ல.

அப்புறம் பின்னணியில மியூசிக் எதுவும் வேண்டாம், அழகுக்காக எக்கோ வேண்டாம். எக்கோ போட்டா இடம் கலங்கிரும். நிறுத்த, பின்னாடி போக, மெதுவாக்க, ஒரு ஊர மட்டும் தனியா கேக்க கீபோர்டுல வழி வையுங்க. நீங்க ஒரு கிராஃப ஒரே ஒரு தடவை பாத்துட்டு மூடிருவீங்களா? கண்ணு அதுல எத்தன தடவ அங்கயும் இங்கயும் போயிட்டு வருது. எங்களுக்கும் அந்த சுதந்திரம் வேணும். காத மூடுற பெரிய ஹெட்போன தங்கச்சி விரும்பலன்னா கட்டாயப்படுத்தாதீங்க, வீட்டுல இருக்கும்போது மட்டும் போட்டா போதும்.


கணக்கு_டீச்சர்:

நான் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கேன். ஒரு சின்ன விஷயம்தான். சத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி மாவட்ட மேப்ப தங்கச்சி கையில குடுங்க. சார்ட் அட்டையில கடற்கரை ஓரத்துக்கு கயிறு ஒட்டி, மலைப்பக்கம் சொரசொரப்பா உமி இல்லைன்னா மணல் ஒட்டி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குன்றிமணி வச்சா போதும். விரலால தடவி இடம் தெரிஞ்சிட்டா பொறவு சத்தம் அதுல போயி உக்காரும். என் வகுப்புல ஒரு பையனுக்கு முதல்ல கோட்ட கயிறுல காட்டிட்டு பொறவு ஆர்மோனியத்துல வாசிச்சு காமிச்சேன், ரெண்டும் சேர்ந்ததும் அவனே "டீச்சர் இது சரிஞ்சு போவுது, ஆனா வேகம் குறையுது"ன்னு சொன்னான். பார்வையுள்ள பிள்ளைங்க ரெண்டு பேருக்கு அன்னைக்குதான் அது விளங்கிச்சு.


முட்டத்து_அலை:

நான் கடலியல் படிச்சவன், அப்பா கடல் தொழில். இவ்வளவு நேரம் வாசிச்சிட்டு ஒரே ஒரு கேள்விதான் எனக்கு. தங்கச்சிய எதுக்கு தக்கலையில நிறுத்தி இருக்கீங்க?

தக்கலையில நிக்கும்போது பாதி மாவட்டம் முதுகுக்கு பின்னாடி போயிருது. முன்ன பின்னதான் காதுக்கு கஷ்டம்னு மைக்செட் அண்ணன் சொல்லிட்டாங்க, அப்ப பின்னாடி ஒண்ணுமே இல்லாத இடமா பாத்து நிறுத்த வேண்டியதுதான. கடல்ல நிறுத்துங்க. முட்டத்துக்கு நேரா தெக்க, கரையிலேருந்து ஒரு 7, 8 கிலோமீட்டர் உள்ள, வள்ளத்துல வடக்க பாத்து நிக்க மாதிரி வையுங்க. மொத்த மாவட்டமும் முன்னாடி வந்துரும். வலது கைப்பக்கம் கொட்டாரம், மைலாடி, அதுக்கு உள்ள நாகர்கோவில், பூதப்பாண்டி, நேரா பேச்சிப்பாறை, கொஞ்சம் வலது தள்ளி பாலமோர், இடது பக்கம் கொளச்சல், குழித்துறை. பின்னாடி வெறும் கடல்தான். எங்க அப்பா கடல்லேருந்து கரைய அப்படித்தான் பாப்பாரு, இந்த மலை அந்த கோபுரத்துக்கு மேல வந்தா இந்த இடத்துல மீன்னு மலையையும் கோவிலையும் வச்சு இடம் குறிப்பாரு. சின்ன பிள்ளையில வள்ளத்துல போகும்போது ஊர் முழுக்க ஒரு வரிசையா முன்னாடி நிக்கது எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு.

ஒரு சிக்கல் உண்டு, கொளச்சலும் குழித்துறையும் அங்கேருந்து பாத்தா கிட்டத்தட்ட ஒரே திசை, ஒண்ணு கரையில, ஒண்ணு உள்ள. தூரத்துக்கு சத்தத்த குறைக்காதீங்க, மழை கொறவுன்னு நினைச்சிருவாங்க. நேரத்தால பிரிங்க. ஒரு நாள் கணக்கு ஓடும்போது முதல்ல கரை ஊரு எல்லாம், பொறவு நடு ஊரு, கடசியா மலை ஊரு. அலை கரையில ஏறி உள்ள போறது மாதிரி.

இத எழுதும்போது என் சொந்த ஆசையையும் சொல்லிருதேன். மழைக்கு திசை நாம குடுக்கது. கடல் அலைக்கு திசை அதுக்கு சொந்தமாவே உண்டு. அலை அளக்கற மிதவைகள்ல மேல கீழ அசைவு, வடக்கு தெற்கு அசைவு, கிழக்கு மேற்கு அசைவு மூணும் பதியுத வகை இருக்கு. அந்த மூல பதிவ அப்படியே 8000 மடங்கு வேகமா ஓட்டுனா என்ன ஆகும் பாருங்க: தூரத்து தெற்கு கடல்ல அடிக்க புயல்லேருந்து வர்ற பெரிய அலைக்கு ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 18 நொடி இருக்கும்னு வச்சுக்கிடுவோம், அது 444 ஹெர்ட்ஸா கேக்கும். உள்ளூர் காத்து கிளப்புத சின்ன அலைக்கு 6 நொடின்னா அது 1333 ஹெர்ட்ஸ். ரெண்டும் தனி சுருதி, தனி திசை. ஒரு நாள் முழுக்க உள்ள கடல் 11 நொடிக்குள்ள காதுல ஓடிரும். மணிக்கு ஒரு தடவ குடுக்க சராசரி கணக்கு இதுக்கு ஆவாது, மூல பதிவுதான் வேணும்.

கள்ளக்கடல்னு சொல்லுவோம்ல, ஊர்ல காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வெயில் அடிச்சிட்டு இருக்கும்போது திடீர்னு கடல் ஏறி வீட்டுக்குள்ள வந்துரும், அது இந்த 18 நொடிக்காரன்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெக்க கிளம்பி நாள் கணக்கா ஓடி வருவான். 2017 ஒக்கி புயலுக்கு பொறவு எங்க வீட்டுல இன்காய்ஸ்ங்க மத்திய அரசு கடல் தகவல் மையம் குடுக்க முன்னறிவிப்பு பாக்காம வள்ளம் இறக்குறது இல்ல, ஆனா அதுல 2.5 மீட்டர், 18 நொடின்னு எண்ணா வாசிக்கும்போது அப்பாவுக்கு அது மனசுல ஏறல. தெக்க கடல் பக்கத்துலேருந்து ஒரு தாழ்ந்த சத்தம் மெதுவா எழும்பி வர்றத கேட்டா ஏறும்னு எனக்கு நம்பிக்கை. கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் இது தேவைதான்.


மைக்செட்_மார்த்தாண்டம்:

கடல்ல நிறுத்துன யோசனை அருமை மக்கா. ஸ்பீக்கர் எங்க வைக்கணும்னுதான் நான் யோசிச்சிட்டு இருந்தேன், கேக்கவன் எங்க நிக்கணும்னு யோசிக்கல. குலசேகரத்தான் தம்பி, ஊரெல்லாம் முன்னாடி வந்த பொறவு திசைய கொஞ்சம் இழுத்து விரிச்சு வச்சாலும் தப்பில்ல, நாகர்கோவிலும் பூதப்பாண்டியும் ரொம்ப நெருங்கி இருந்தா ரெண்டுக்கும் டக் சத்தத்த மாத்துங்க, ஒண்ணு மரம், ஒண்ணு தகரம். ப்ளூடூத் வேண்டாம், வயர் ஹெட்போன் போதும், விலை கூடினது தேவையே இல்ல. எல் ஆர் மாறாம மாட்டணும், அதுக்கு வலது பக்கத்துல ஒரு நூல் கட்டி விடுங்க, தங்கச்சி தடவி பாத்துக்கும்.


குலசேகரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு ஞாயித்துக்கிழமை இதுலயே போச்சு.

இசட் மைனஸ் ஆக்கிட்டேன், மைக்செட் அண்ணன் சொன்னதுதான் காரணம், பாலமோர் உண்மையிலேயே பின்னாடிதான் கிடந்திருக்கு. அவ சரியா சொன்னத நான் தப்புன்னு நினைச்சு ரெண்டு வாரம் அவளையே திரும்ப திரும்ப கேட்டுட்டு இருந்திருக்கேன். டீச்சர் சொன்ன மாதிரி மேப் செஞ்சோம், குன்றிமணி கிடைக்கல, புளியங்கொட்டை ஒட்டினோம். ரப்பர் பால் ஒட்டுபால் ஆனத மெல்லிசா இழுத்து கடற்கரைக்கு அப்பாவே ஒட்டி குடுத்தாரு. அவ அதுல விரல வச்சு குமரியிலேருந்து நீரோடி வரைக்கும் ஒரே இழுவையா போனா, போயிட்டு "இவ்வளவுதானா நம்ம கடற்கரை"ன்னு கேட்டா.

பொறவு கடல்ல நிறுத்துனேன். ஒரு நாளைக்கு 4 நொடி, கரை, நடு, மலைன்னு வரிசை. நவம்பர் மாசம் முழுக்க 2 நிமிஷம். முதல்தடவ கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. ரெண்டாம்தடவ கேக்கும்போது கை விரல் மேப்புல நகர ஆரம்பிச்சுது, சத்தம் வலதுல வந்தா விரல் கொட்டாரத்துக்கு போவுது, மலைக்கு வரும்போது பாலமோருக்கு போவுது. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டே இருந்தேன், விரல் ஒரு இடத்துலயும் தப்பல. மூணாம்தடவ அவளே பாதியில நிறுத்தி பின்னாடி போயி திரும்ப கேட்டா. மத்தத அவளே எழுதுதேன்னு சொல்லுதா, போன அவ கையில குடுக்கேன்.


குலசேகரத்தான்:

இது தங்கச்சி. பேசி டைப் பண்ணுறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

அப்பா வாசிக்கும்போது நான் ஒவ்வொரு எண்ணா பிடிச்சு வச்சுக்குவேன், ஆனா நேத்து இருந்ததுக்கும் இன்னைக்கு இருந்ததுக்கும் என்ன மாறிச்சுன்னு சேர்த்து பிடிக்க முடியாது, ஊர் பேரு வரும்போதே முந்தின எண்ணு போயிரும். இதுல ஊர் பேர நான் ஞாபகம் வைக்க வேண்டாம், அது இருக்க இடத்துலேருந்துதான் வருது. அதனால மழையில மட்டும் கவனம் வைக்க முடிஞ்சுது. அந்த மாசத்துல சில நாள் வலது பக்கம் கொட்டாரம், மைலாடியில நல்லா கொட்டிட்டு இருக்கு, இடது பக்கம் குழித்துறையில வெறும் டிக் மட்டும். மலையில மட்டும் எந்த நாளும் முழுசா நிக்கல. நான் எண்ணுனதுல வலதுல கொட்டி இடதுல டிக் மட்டும் கேட்டது 4 நாள். அண்ணன் அட்டவணைய எடுத்து பாத்தான், 4 நாள்தான். ஒரே மாசத்த வச்சு எதுவும் சொல்லிர முடியாதுன்னு தெரியும், அதனால 3 வருஷ கணக்கு வேணும்னு அவன்கிட்ட கேட்டிருக்கேன்.

விரல்நுனி சார், பூஜ்யமும் கணக்கு இல்லாததும் வேறன்னு நீங்க சொன்னது ரொம்ப சரி. இரணியல் ஒரு வாரம் மௌனமா இருந்துச்சு, அண்ணன் டைப் பண்ணும்போது ஒரு பக்கத்த விட்டிருக்கான். மௌனம் வச்சதாலதான் எனக்கு தெரிஞ்சுது.

அடுத்து எனக்கு வேண்டியது அணை. பாலமோர்ல பெரிய மழை கேட்டு எத்தன நாள் கழிச்சு பெருஞ்சாணி சுருதி ஏறுதுன்னு கேக்கணும். மழைத்துளியும் அணை சுருதியும் ஒரே நேரத்துல ஓடுனா ஒண்ண ஒண்ணு மறைக்குமா மைக்செட் அண்ணா? சுருதிப்பெட்டிய நடுவுல வைக்கணுமா, கீழ இருந்து வர்ற மாதிரி வைக்க முடியுமா? முட்டத்து அண்ணா, உங்க மிதவை பதிவு கிடைச்சா எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. அந்த 18 நொடிக்காரன் வர்றத எனக்கு கேக்கணும்.